ஒற்றைக் குச்சி பிலிம்ஸ்

அந்த அச்சகத்தில் எல்லோரும் அவரை மெஜந்தா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை யாரும் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. எந்த வேலை வந்தாலும் கணினித் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு மெஜந்தா போட்டா எடுப்பா இருக்கும்" என்பார். போட்டால் எடுப்பாகத்தான் இருக்கும். அச்சுக்கு மொத்தமே நான்கு மைதான்: நீலம், மெஜந்தா என்கிற அந்த அடர்ந்த ரோஸ், மஞ்சள், கறுப்பு. இந்த நான்கையும் எந்த அளவில் கலந்தால் என்ன நிறம் வரும் என்பது அவருக்கு வாய்ப்பாடு. ஒரு அம்மாள் ஜன்னல் திரையின் ஓரத்தை வெட்டி எடுத்து வந்து, இந்த நிறத்தில்தான் தன் கடைக்குப் பை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மெஜந்தா அதை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு நான்கு எண்களைத் தட்டினார். பை வந்ததும் அந்த அம்மாள் துணியைப் பையின் மேல் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

அப்படிப்பட்ட மனிதருடைய பிழைப்பில்தான் மண் விழுந்தது.

முதலில் அவர் சண்டைதான் போட்டார். பிஸ்கட் பெட்டி ஒன்று அச்சாகி வந்தது. சிவப்பு செத்துப் போயிருக்கிறது, மையில் தண்ணீரைக் கலந்துவிட்டாயா என்று மெஷின்காரரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். மெஷின்காரர் அவரைவிடப் பத்து வயது இளையவர், அண்ணே அண்ணே என்று காலைச் சுற்றி வருகிறவர். அவருக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, ரத்தமாட்டம் நிக்குது. இதப் போயி செத்த சிவப்புன்னு சொல்றீங்களே!"

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடமும் இல்ல, பரீட்சையும் இல்ல. வெளில போற யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்க."

கேட்டார். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உட்பட மூன்று பேரும் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். மெஜந்தா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வேறு கூத்தெல்லாம் ஆரம்பித்தது. ஒரு சொல்லை நேராகப் பார்த்தால் அதன் நடு எழுத்துகளைக் காணோம். பக்கத்தில் எங்கேயாவது பார்த்தால் அது ஓரத்தில் வந்து நிற்கிறது. ஓடிப் பிடித்து விளையாடுகிற வயதா அவருக்கு? வீட்டுக்காரியிடம் சொன்னார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை அடித்து அடித்துப் பார்த்தாள், புள்ளி புள்ளியாக எதையெதையோ காட்டினாள், கடைசியில் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். டாக்டர் நாற்காலியை நகர்த்தினாலே நல்ல சேதி இல்லை என்று வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது.

"கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. பின்னாடி இருக்கிற நரம்புதான் பட்டுப் போயிட்டு வருது."

"கண்ணாடி போட்டா சரியாயிடுமா?" என்றாள் வீட்டுக்காரி.

"கண்ணாடி கண்ணுக்கும்மா. கோளாறு நரம்புல இருக்கு. ஆபரேஷனும் இதுக்குக் கிடையாது."

"முழுசா போயிடுமா?"

"முழுசா போகாது. ஓரத்துப் பார்வை நிக்கும். நடக்கலாம், எதிர்ல ஆள் வர்றது தெரியும். நேரா பாக்கிறதுதான் போயிடும். சிவப்பு முதல்ல மங்கும், அப்புறம் ஒவ்வொண்ணா."

"நேரா பாக்கிறதுதான் டாக்டர் எனக்குச் சோறு போடுது" என்று சிரித்தார் மெஜந்தா. அவரைத் தவிர அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது வீட்டுக்காரியின் கையைப் பிடித்து நிறுத்தினார். "பாப்பாவுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சுதோ, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

பாப்பா என்றால் தொட்டிலில் கிடக்கிற பாப்பா இல்லை. அப்பாவைவிட அரை அடி உயரம், சினிமாக் கல்லூரியில் கேமரா படிக்கிறவள், ஒற்றைப் பிள்ளை. அவளிடம் ஒரு குணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் இவள் படிக்கும்போது அம்மா இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் விழுந்தாள். இந்தப் பெண் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். அப்பா திட்டினார், அம்மா படுத்தபடியே அழுதாள், டீச்சர் வீட்டுக்கே வந்து கெஞ்சினாள். கல்லுப் பிள்ளையாராட்டம் நின்றாள். ஒரு முழு வருஷம் போயிற்று. பிறகு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து மேலே வந்தாள். அப்படிப்பட்டவளுக்கு அப்பாவின் கண் போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வாள் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கேமராவைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே வேலைக்குப் போய்விடுவாள்.

அந்தக் கல்லூரியில் சேர்க்கவே மெஜந்தா ஊர்ப்பட்ட சண்டை போட்டிருந்தார். அவருடைய அக்காக்காரி வந்து, "சினிமாவுக்கா? பொம்பளப் பிள்ளைக்கு வேற படிப்பே கிடைக்கலயாடா உனக்கு?" என்று கேட்டாள். "உன் பையன் வேற படிப்புத்தானே படிச்சான், இப்ப எந்தக் கம்பெனியில தூங்கறான்?" என்று திருப்பிக் கேட்டார். அக்கா அதோடு பேச்சை விட்டுவிட்டாள், வருவதையும் விட்டுவிட்டாள். போகட்டும் என்று இருந்துவிட்டார். மகள் முதல்முதலாக எடுத்துக் காட்டிய படங்களைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மாலை வெயிலில் ஒரு சுவர், ஒரு சைக்கிள், வேறொன்றும் இல்லை. அந்தச் சுவரின் மஞ்சளை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, "என் கண்ணு அவளுக்கு வந்திருக்குடி" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார். இப்போது கடைசி வருஷம். இந்த ஒரு வருஷத்தை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும். பட்டத்தை வாங்கிக்கொண்டு அவள் ஒரு கேமராவின் பின்னால் நின்றுவிட்டாள் என்றால், அப்புறம் கண் போனால் என்ன, காது போனால் என்ன? அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

ஓட்டினார் ஐயா, அதையும் சொல்லத்தான் வேண்டும். நிறத்தைப் பார்த்து வேலை செய்வதை விட்டுவிட்டு எண்ணை வைத்தே வேலை செய்தார். சிவப்பா, நீலம் சைபர், மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு, கறுப்பு சைபர். இலைப் பச்சையா, அதற்கு ஒரு நாலு எண். விரல் தானாகவே ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவிப் போய்விடும், கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கழுத்தைக் கோணி ஓரக்கண்ணால் படித்தார். "ரெண்டு பேர் படிச்சாத்தான் தப்பு மாட்டும்" என்று புதுச் சட்டம் ஒன்று போட்டு, எல்லாவற்றையும் மெஷின்காரரை வாய்விட்டுப் படிக்க வைத்தார். மெஷின்காரர் லேசுப்பட்ட ஆளா? அவருக்கு என்றைக்கோ புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஒரு தடவை எல்லாம் கெட்டுப்போகத் தெரிந்தது. இரங்கல் நோட்டீஸ் ஒன்று. போன பெரியவரின் போட்டோவைத் திருத்துகிறேன் பேர்வழி என்று மெஜந்தா அவர் முகத்தைப் பாசி பிடித்த பச்சையாக்கி வைத்துவிட்டார். மெஷின்காரர் கவனிப்பதற்குள் பத்துப் பிரதி ஓடிவிட்டது, அதில் ஒன்றை முதலாளியே கையில் எடுத்துவிட்டார்.

"என்னய்யா இது, ஆளு பச்சையா இருக்காரு?"

மெஷின்காரர் குறுக்கே புகுந்தார். "மை மாத்தும்போது கொஞ்சம் கலந்துடுச்சு முதலாளி, என் தப்பு. வேற போட்டுட்டேன்."

நோட்டீசுக்காகக் காத்திருந்த மகன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி ரெண்டு நாள் அப்பா இந்தக் கலர்லதான் இருந்தாரு" என்றார். முதலாளி உட்பட எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடம், இருந்தும் சிரித்தார்கள். மெஜந்தாவும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெஞ்சு அடங்கும்வரை நின்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மகள் இரண்டு கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒருவன் டைரக்டர். இருபத்தோரு வயதில் இருபது படம் எடுத்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது. இன்னொருத்தி கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே திரிகிறவள், அவளை அவர்கள் சவுண்டு என்றே கூப்பிட்டார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து கடைசி வருஷத்துப் படத்தை எடுத்து முடித்திருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான் கதை.

"அப்பா, படத்துக்கு முன்னால கம்பெனி பேரும் லோகோவும் வரணுமாம். அதுக்கும் மார்க் இருக்கு. நீங்க போட்டுக் குடுங்கப்பா."

"கம்பெனியா? மூணு பேரும் சேர்ந்து ஒரு குடை வாங்கக் காசில்லாம நனைஞ்சுட்டு வந்தீங்க, அதுக்குள்ள கம்பெனியா?"

"படக் கம்பெனிக்குக் காசெல்லாம் தேவையில்ல அங்கிள், பேர் இருந்தா போதும்" என்றான் டைரக்டர்.

பேரை முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். படப்பிடிப்பு நடந்த பழைய கட்டடத்தில் ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. எல்லோருடைய போனும் செத்துக் கிடந்தது. மெழுகுவர்த்தி இருந்தது, தீப்பெட்டியில் மிச்சம் ஒரே ஒரு குச்சி. அதுவும் மழையில் நமுத்துப் போனது. மகள் அதைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்துக் காய வைத்து உரசினாள். பற்றிக்கொண்டது. அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்ததுதான் படத்திலேயே நல்ல காட்சி என்று ஆசிரியர்கள் சொன்னார்களாம். அதனால் கம்பெனிக்குப் பெயர் ஒற்றைக் குச்சி பிலிம்ஸ்.

"கறுப்புத் திரை, அதுல ஒரே ஒரு குச்சி. குச்சியும் எழுத்தும் வெள்ளை, தலை மட்டும் சிவப்பு. பளீர்னு சிவப்பு. அது வரும்போது குச்சி உரசற சத்தம் வரும், அதை இவ பிடிச்சு வெச்சிருக்கா" என்றாள் மகள். "சிவப்புன்னா உங்களாலதாம்பா முடியும்."

தலைகால் புரியாமல் மெஜந்தா அதற்கென்ன, போட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் போனதும் வீட்டுக்காரி அவரைப் பிடித்துக்கொண்டாள். மகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், அதனால் குரலை அடக்கித்தான் பேசினாள்.

"வேலை அதிகம், வேற யார்கிட்டயாவது போட்டுக்கோன்னு சொல்லிடுங்க."

"அவ பொறந்ததிலேர்ந்து என்கிட்ட வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான்."

"அதுக்காக? ஒரு குச்சியைக் கோணலா போட்டு மாட்டிக்கப் போறீங்களா?"

"குச்சி கோணலா வரும்னு யாரு சொன்னா? நீளம் அகலம் எல்லாம் எண்ணுதானே! நிறமும் எண்ணுதான். எத்தனை மாசமா ஓட்டறேன், ஒரு பயலுக்குத் தெரிஞ்சுதா?"

"மெஷின்காரருக்குத் தெரியும்."

"அவன் என் தம்பி மாதிரி."

"அப்ப இதையும் அவர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அனுப்புங்க. எனக்காக."

சரி சரி என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை நம்பினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

அச்சகத்துக்கு விடுமுறையான ஒரு மதியத்தில் சாவியை வாங்கிக்கொண்டு போனார். மெஷின்கள் ஓடாத அச்சகத்தில் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை மட்டும் இருந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மனுஷன் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார், அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. குச்சியை நீளம் அகலம் எல்லாம் எண்ணாலேயே போட்டார். அப்படியே விட்டால் ஆணி மாதிரி நிற்கும் என்று ஒரு முனையில் மரம் பிளந்தது போல ஒரு சிறு சிலும்பு வைத்தார். தலையை முழு வட்டமாகப் போடாமல், மருந்தில் முக்கி எடுத்தால் ஒரு பக்கம் கொஞ்சம் வழிந்து உறையுமே, அந்தச் சரிவை வைத்தார். திரையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி ஓரத்தால் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவும். கழுத்து வலி உயிர் போயிற்று. எழுத்துகளைக் குச்சியின் அடியில் வரிசை கட்டி நிறுத்தினார். வெள்ளைக்கு எண் வேண்டாம், நிற வரிசையில் முதல் கட்டம்.

கடைசியில் சிவப்பு.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது அச்சு இல்லை, சினிமா. அச்சுக்கு நான்கு மை, திரைக்கு மூன்று வெளிச்சம்: சிவப்பு, பச்சை, நீலம். எண் போடுகிற பெட்டியும் நான்கு இல்லை, மூன்று. சிவப்பு வேண்டுமென்றால் முதல் பெட்டியை நிரப்பிவிட்டு மற்ற இரண்டையும் காலியாக விட வேண்டும். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கோப்பைத் திறக்கும்போதே மகள் சொன்னபடி திரைக்கு என்றுதான் திறந்தார். ஆனால் இருபத்தைந்து வருஷமாகப் பழகிய கை ஐயா அது, அதிலும் கடைசிச் சில மாதங்களாகக் கண்ணை நம்பாமல் தானே ஓடிக்கொண்டிருந்த கை. சைபர் என்று தட்டியது, தாவியது. நூறு என்று தட்டியது, தாவியது. மறுபடி நூறு. நான்காவது சைபரை வாங்கிக்கொள்ளப் பெட்டியே இல்லை. அதுவும் தெரியாமல் போயிற்று. சிவப்பு வெளிச்சம் சுத்தமாக இல்லை. அச்சில் நூறு என்றால் முழுசு, திரையில் முழுசு இருநூற்று ஐம்பத்தைந்து; அதனால் பச்சையும் நீலமும் அரைகுறையாக ஏறிக்கொண்டன. குச்சியின் தலையில் வந்து உட்கார்ந்தது ஒரு கரும்பச்சை. கறுப்புத் திரையில் அதைக் கறுப்பு என்றே சொல்லலாம்.

கண் சரியாக இருக்கிற எவனும் அந்த நொடியே சீ என்று அழித்திருப்பான். மெஜந்தாவின் கண்ணில் சிவப்பு என்றைக்கோ சேறாகிவிட்டது. திரையில் தலை இருக்க வேண்டிய இடத்தில் சேறாக ஏதோ தெரிந்தது. சிவப்புதான் என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

மெஷின்காரரிடம் காட்டவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்லி அவரைக் காப்பாற்றலாம், அது பொய். மகளுக்குச் செய்ததை இன்னொருவன் பார்த்துச் சரி சொல்லித்தான் அனுப்ப வேண்டுமா என்று ஒரு வீம்பு. அடப்பாவி மனுஷா, ஊர்க்காரனின் நோட்டீசையெல்லாம் இரண்டு பேர் படித்தார்களே!

அங்கேயே உட்கார்ந்து மகளுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"வந்துச்சுப்பா."

"எப்படி இருக்கு?"

"ம்... நல்லா இருக்குப்பா. அந்தச் சிலும்பு எல்லாம் அப்படியே நிஜமா இருக்கு."

"தலை?"

அந்தப் பக்கம் யாரோ என்னவோ சொன்னார்கள். "அப்பா, கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவளும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு துருவிக் கேட்பது மரியாதையா?

படத்தைத் திரையிட்டது கல்லூரியின் பெரிய அரங்கில், ஒரு மதியம். பெற்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மெஜந்தா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார், அது வெளிர்நீலம் என்று வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் வீட்டுக்காரி. விளக்குகளை அணைத்தார்கள். அணைத்ததும் அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இருட்டில் இந்த அரங்கத்தில் இருக்கிற எல்லோரும் அவரும் ஒன்றுதான்.

சர்ரென்று குச்சி உரசும் சத்தம் கேட்டது. அத்தனை பெரிய அரங்கத்தில் அது முதுகுத்தண்டில் உரசியது போல இருந்தது. மெஜந்தா முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் திரையைப் பிடித்தார். வெள்ளையாக ஏதோ நின்றது. அது போதும் அவருக்கு, மிச்சத்தை மனசே போட்டுக்கொண்டது. நெஞ்சு பொங்கி வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மகளின் காதருகே குனிந்தார்.

"தலை எப்படி நிக்குது பாத்தியா? சரியான சிவப்பு. ரத்தமாட்டம் இருக்குல்ல?"

மகள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எதுப்பா?"

"குச்சித் தலைதான்."

"அப்பா... திரையில குச்சியே இல்லப்பா. வெறும் எழுத்துதான் போட்டிருக்கோம்."

வீட்டுக்காரியின் கை இந்தப் பக்கத்திலிருந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து என்ன பண்ண?

"ஓ, எடுத்துட்டீங்களா?" என்றார் மெஜந்தா. "நான் வந்து... நான் போட்டு அனுப்பினதை நெனச்சுச் சொன்னேன்."

"நீங்க அனுப்பினதுலயும் தலை சிவப்பா இல்லப்பா. கரும்பச்சையா இருந்துச்சு, கறுப்பு மாதிரி. எரிஞ்சு போன குச்சியை யாராவது கம்பெனிக்கு வைப்பாங்களான்னு டைரக்டர் கேட்டான். நீங்க வேணும்னேதான் அப்படிப் போட்டிருக்கீங்கன்னு நான் சண்டை போட்டேன். அப்புறம் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..." அவள் அவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். "நீங்க வேணும்னு போடல, இல்ல?"

பின்னாலிருந்து யாரோ உஸ்ஸென்றார்கள். திரையில் மழை பெய்யத் தொடங்கியது. இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். இடையில் எங்கேயோ மெழுகுவர்த்திக் காட்சி வந்திருக்க வேண்டும், அரங்கத்தில் சிலர் மூச்சை இழுத்தது கேட்டது. மெஜந்தா அசையாமல் திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நேராக வைத்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பார்ப்பது போல இருக்கும். மகள் தன் படத்தைப் பார்க்கவே இல்லை. முதல் மழைத்துளி முதல் கடைசிவரை அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவருக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. பாழாய்ப்போன ஓரக்கண் அதை மட்டும் சரியாகக் காட்டியது.

விளக்கு எரிந்தது. கைதட்டல் எழும்பியது. எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள். மேடையிலிருந்து ஒருவர் மைக்கில் இவர்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். டைரக்டரும் சவுண்டும் ஓடினார்கள். மகள் எழுந்திருக்கவில்லை.

"என் மூஞ்சி தெரியுதாப்பா?"

"இது என்ன கேள்வி? கூப்பிடறாங்க பாரு, போ."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவள் பக்கம் நேராகத் திரும்பினார். மூக்கும் வாயும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒன்று நின்றது. வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் அவள் ஓரத்தில் வந்துவிடுவாள், ஆனால் அதற்கு அவர் பெற்ற மகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினார். வேறு வழி இல்லை.

"ஓரமா தெரியறேடா" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. அத்தனை பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மேடையில் இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டார்கள். கேமராவுக்குப் பரிசு என்று சொன்னார்கள், அவளுடைய முழுப்பெயரைச் சொன்னார்கள். "போடி, போயி வாங்கிட்டு வாடி" என்று அம்மா அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். மகள் அம்மாவைப் பார்த்து, "உனக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அப்பாவின் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து எழுப்பினாள். கண் தெரியாதவர்களைத் தெரு தாண்டிக் கூட்டிப் போகிறவர்கள் பிடிப்பார்களே, அந்தப் பிடி. அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"படி இருக்குப்பா. பாத்து."

"எனக்குப் படி தெரியும். விடு, நீ மேடைக்குப் போ."

"அவங்க வாங்கி வெப்பாங்க."

வெளியே மரத்தடியில் பெஞ்ச் ஒன்று இருந்தது. அதில் அவரை உட்கார வைத்துவிட்டு முன்னால் நின்றாள். எத்தனை மாதமாக என்று கேட்டாள், சொன்னார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள், அம்மா சொன்னாள். ஒரு கேள்விக்கும் அவள் குரல் உயரவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"திங்கக்கிழமை நான் அச்சகத்துக்கு வரேன்பா. உங்க நாற்காலியில நான் உக்காந்துக்கறேன். எனக்கு ஒண்ணு ரெண்டு தெரியும், மிச்சத்தை நீங்க சொல்லிக் குடுங்க."

"காலுல வேணா விழறேன், இன்னும் அரை வருஷம்தான் பாக்கி, படிப்பை விட்டுடாதே" என்றார் மெஜந்தா. நிஜமாகவே பெஞ்சிலிருந்து இறங்கப் போனார். மகள் இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தாள்.

"யாருப்பா விடப் போறா? இந்த வருஷம் மட்டும்தான். அடுத்த வருஷம் போயி முடிச்சுடறேன்."

திங்கள்கிழமை வந்தாள். முதலாளி நாற்காலியை நகர்த்திப் போட்டு, சரி உட்காரம்மா என்றார். அடுத்த வருஷம் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. டைரக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டான், சவுண்டு எப்போதாவது போன் செய்வாள். மெஜந்தா இப்போது வீட்டோடு இருக்கிறார். சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், "இன்னைக்கு என்ன வேலைம்மா?" என்று கேட்பார். லேபிள், பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கையைக் கழுவுவாள். கல்லூரிக்கு எப்போது போகிறாய் என்று மட்டும் அவர் கேட்பதில்லை, கேட்டால் அடுத்த வருஷம் என்று சொல்லிவிடுவாள்.